வேகனில் பெட்ரோல் வாடை

என் அக்கா அராக்ஸியின் கணவர் நிஷான் கல்பாகியான், அறுபத்திரண்டாவது வயதில், உலர் திராட்சை ஆலையில் பார்த்துவந்த எலெக்ட்ரீஷியன் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். முழங்கால் வலி என்றார். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது. முப்பத்தொரு வருஷம் ஏணியில் ஏறி இறங்கிய முழங்கால் என்பதால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. நானும் நம்பினேன்.

வேலையை விட்ட முதல் மாதமே ஒரு பழைய வால்வோ வேகன் வாங்கினார். எண்பத்தேழாம் வருஷத்து வண்டி. தகரம் நன்றாக இருந்தது, எஞ்சின் செத்துப் போயிருந்தது. அடுத்த மாதம் காயலான் கடையில், நெடுஞ்சாலையில் கவிழ்ந்த ஒரு பிக்கப் வண்டியிலிருந்து எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். சனி ஞாயிறு எனக்குச் சும்மாதான் போகும். அதனால் சங்கிலி பிடிக்கவும் ஜாக்கி நகர்த்தவும் என்னைக் கூப்பிடுவார். பதினான்கு மாதம் அந்த எஞ்சினோடு மல்லுக்கட்டினோம். அவர் மல்லுக்கட்டினார், நான் விளக்குப் பிடித்தேன்.

எங்கள் மாநிலத்தில் எஞ்சினை மாற்றினால் மட்டும் போதாது. புகை ரெஃப்ரி என்கிற அரசாங்கச் சோதனை நிலையத்தில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர்கள் பார்த்துச் சரியென்று கதவுத் தூணில் ஒரு முத்திரைச் சீட்டு ஒட்டினால்தான் வண்டியைப் பதிவு செய்ய முடியும். வந்த எஞ்சினோடு அதன் புகை, ஆவி சமாச்சாரங்கள் எல்லாமும் கூடவே வந்திருக்க வேண்டும் என்பது விதி.

புகை எல்லோருக்கும் தெரியும். ஆவிதான் யாருக்கும் ஞாபகம் வராது. பெட்ரோல் டேங்கில் சும்மா கிடக்கும்போதே ஆவியாகிக்கொண்டிருக்கும். வெயில் ஏற ஏற அதிகமாகும். அதை வெளியே விடக் கூடாது. கரி அடைத்த ஒரு டப்பா அந்த ஆவியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது ஒரு சின்ன வால்வு திறக்கும், எஞ்சினே அதை இழுத்து எரித்துவிடும். எஞ்சின் மாற்றுகிறவர்கள் இந்த வேலையைத்தான் கடைசிக்குத் தள்ளுவார்கள். இது இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். சத்தம் மாறாது, வேகம் குறையாது. நிஷானும் தள்ளினார்.

முதல் தடவை ரெஃப்ரியிடம் போனது மே மாதம். அங்கே இருந்த ஆய்வாளர் பஹுவா லோர் என்ற மோங் இனத்துப் பெண். முப்பது வயதுதான் இருக்கும். வண்டிக்கு அடியில் போய், கைவிளக்கை அடித்து, ஒவ்வொரு குழாயாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள்.

"மிஸ்டர் கல்பாகியான், கரி டப்பாவை அழகா மாட்டியிருக்கீங்க. இதுலேர்ந்து வர்ற குழாய் எங்க போகுது?"

"எஞ்சினுக்கு."

"எஞ்சின் பக்கத்துல மூடி போட்டு அடைச்சிருக்கே."

"அது தற்காலிகம்."

"தற்காலிகமா நானும் பாஸ் போட முடியாதே," என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். டேங்கில் அழுத்தம் பார்க்கும் சென்சாரும் இல்லை. இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். நிஷான் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் பிறவியிலேயே அப்படி. குறை சொன்னால் பேச மாட்டார், வேலையில் இறங்கிவிடுவார். இரண்டு மாதத்தில் குழாய்களை எல்லாம் புதிதாகப் போட்டார், வால்வுக்கு ஒயர் இழுத்தார், சென்சாரைப் பொருத்தினார். வண்டி நின்றது வீட்டோடு ஒட்டிய ஷெட்டில். சமையலறையிலிருந்து ஒரு கதவைத் திறந்தால் ஷெட். துணி துவைக்கும் எந்திரம், வெந்நீர் ஹீட்டர், ஏணி, பழைய சாமான் எல்லாம் அங்கேதான்.

அக்கா அந்த இரண்டு மாதமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சமையல்கட்டு பூரா பெட்ரோல் பங்க் மாதிரி நாறுது. ரொட்டியை வாயில வச்சா பெட்ரோல்தான் தெரியுது."

"எனக்கு ஒண்ணும் வரலையே," என்பார் நிஷான்.

"தலைவலி மாத்திரை ஒரு டப்பா தீர்ந்துபோச்சு."

"உங்க குடும்பத்துக்கே மூக்கு நீளம். உன் தம்பி கார்பிஸோட மூக்கைப் பாரு. அடுத்த ஊர்ல வெங்காயம் வதக்கினா அவனுக்குத் தெரிஞ்சிரும்."

நான் சிரிப்பேன். அக்கா சிரிக்க மாட்டாள். வாடை எனக்கும் வந்தது. எஞ்சின் வேலை நடக்கிற ஷெட்டில் பெட்ரோல் வாடை வராமல் மல்லிகையா மணக்கும் என்று விட்டுவிட்டேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் தேவாலயத்தில் ஒவ்வொரு அக்டோபரிலும் சந்தை நடக்கும். அதற்கு அக்காதான் பாஸ்துர்மா செய்வாள். மாட்டிறைச்சியை உப்பில் கிடத்தி, அழுத்தி, வெந்தயமும் பூண்டும் மிளகாயும் அரைத்த விழுதைத் தடிமனாகப் பூசி, வாரக்கணக்கில் தொங்கவிட்டுக் காயவைப்பது. சாப்பிட்டால் இரண்டு நாளைக்கு வேர்வையிலேயே மணக்கும். விழுதுதான் அதில் எல்லாம். காலையிலிருந்து அரைக்கிறவளுக்கு மதியத்துக்குள் மூக்கு மரத்துப்போய்விடும், பூண்டு கூடியதா குறைந்ததா தெரியாது. அதனால் வெளியிலிருந்து வருகிற நிஷான் கிண்ணத்தின் மேல் குனிந்து ஒரு மூச்சு இழுத்து, "இன்னும் ரெண்டு கை வெந்தயம்" என்றோ, "போதும்" என்றோ சொல்வார். இருபது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான். அவர் சொன்னால் அக்கா வேறு யாரையும் கேட்க மாட்டாள்.

கடைசி இரண்டு வருஷமும் பாஸ்துர்மா சரியில்லை. பூண்டு தூக்கல், வெந்தயம் அடியில் போய்விட்டது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். இரண்டாம் வருஷம் பாதிக்கு மேல் விற்காமல் திரும்பி வந்தது. என் கை கெட்டுப்போச்சு என்று அக்கா அன்று சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். நிஷான் பக்கத்தில் உட்கார்ந்து, "இறைச்சி சரியில்ல, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அங்கே இருந்தேன்.

இரண்டாவது தடவை ரெஃப்ரியிடம் போனது ஜூலை நடுவில். அன்றைக்கும் அவரோடு வேகனில் நானும் போனேன். நூற்றிரண்டு டிகிரி வெயிலில் குளிர்சாதனம் வேலை செய்தும் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டேன். பெட்ரோல் வாடை தாங்கவில்லை. அவர் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றியே வைத்திருந்தார்.

"ஏன்டா காத்தை வெளிய விடுற?"

"சும்மாதான் மச்சான்."

பஹுவா அன்று எஞ்சின் பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். குழாய் சரி, வால்வு சரி, கம்ப்யூட்டர் சரி. பிறகு டேங்குக்குள் மெல்ல நைட்ரஜன் ஏற்றிவிட்டு இரண்டு நிமிஷம் அழுத்தமானி முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முள் இறங்கியது. மறுபடி ஏற்றினாள். மறுபடி இறங்கியது.

வண்டியின் பின்கதவைத் தூக்கினாள். தூக்கியவள் ஓரடி பின்னால் வந்தாள்.

"இதுல உட்கார்ந்தா ஓட்டிட்டு வந்தீங்க?"

"ஆமா. ஏன்?"

"வாடை வரலையா உங்களுக்கு?"

"லேசா," என்றார் நிஷான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அவள் மறுபடி அவரைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "ஊரெல்லாம் முகமூடி போட்டுக்கிட்டுத் திரிஞ்சோமே, அந்த வியாதி உங்களுக்கும் வந்துச்சா? எங்க அம்மாவுக்கு வந்துட்டுப் போச்சு. போகும்போது மூக்கையும் கூட்டிட்டுப் போயிருச்சு. அடுப்புல சோறு கருகினாலும் தெரியாது."

"எனக்கு ஜலதோஷம்," என்றார் நிஷான்.

"சரி," என்றாள் அவள். தாளில் எழுதினாள். டேங்கின் மேல்பக்கம் எங்கோ கசிகிறது, கண்டுபிடித்துச் சரிசெய்து கொண்டுவரவும். எழுதி முடித்து, பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள். "சரியாகுற வரைக்கும் மூடின ஷெட்ல நிறுத்தாதீங்க. வெளியில நிறுத்துங்க. இதை நான் தாள்ல எழுதல, வாயால சொல்றேன்."

திரும்பும்போது கால்வாய்ச் சாலையில், திராட்சைத் தோட்டத்து ஓரமாக வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார்.

"அந்தப் பொண்ணு சொன்னது சரி."

"எது?"

"மூக்கு. ரெண்டு வருஷம் எட்டு மாசமாச்சு."

நான் அவர் காலைப் பார்த்தேன். "முழங்கால்?" என்று கேட்டேன்.

"முழங்கால் நல்லாத்தான் இருக்கு."

ஆலையில் என்ன நடந்தது என்பதை அப்போதுதான் சொன்னார். கழுவும் பிரிவில் ஒரு மோட்டார் கருகிக்கொண்டிருந்தது. அதன் மூடியை ஒட்டிக் கையை வைத்துக்கொண்டு இவர் நின்றிருந்தார். நாற்பதடி தூரத்தில் பெட்டி மடிக்கிற பெண்மணி ஓடிவந்து, கருகுதே, தெரியலையா என்று கேட்டாள். அந்த ஆலையில் மோட்டார் எரிவதை மூக்காலேயே கண்டுபிடிக்கிறவர் என்று இவருக்குப் பெயர். புதிதாக வருகிறவர்களுக்கு மேலாளரே அதைச் சொல்லித்தான் இவரை அறிமுகப்படுத்துவார். அன்று சாயங்காலம் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். என்னால் இன்னொருவன் கை கருகக் கூடாது என்றுதான் விட்டேன் என்றார். அதில் பொய்யில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

"அப்ப பாஸ்துர்மா?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "முதல் வருஷம் குத்துமதிப்பா சொன்னேன். எப்பவும் சொல்றதைத்தான் சொன்னேன். ரெண்டாவது வருஷம், சரியாயிருக்கும்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் மாத்திச் சொன்னேன்."

"அக்காகிட்ட சொல்லிருங்க மச்சான்."

"சொல்றேன். நீ சொல்லாத."

"வண்டியை வெளிய நிறுத்துங்க."

"நிறுத்துறேன்."

அவர் இரண்டையும் செய்யவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை. ஒன்பது நாள் போனது. அந்த ஒன்பது நாளில் இரண்டு தடவை அக்கா வீட்டில் சாப்பிட்டேன். இரண்டு தடவையும் நிஷான் சாப்பாடு பிரமாதம் என்றார். இரண்டு தடவையும் நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

பத்தாம் நாள் புதன்கிழமை. வெயில் நூற்றெட்டு. அன்று நடந்ததை அக்கா பிற்பாடு துண்டு துண்டாகச் சொன்னாள், தீயணைப்பு ஆட்கள் மீதியைச் சொன்னார்கள்.

காலையில் நிஷான் டேங்கை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறார். வாடையை வைத்துத்தான் கசிவைக் கண்டுபிடிக்க முடியவில்லையே, நிறைய ஊற்றினால் ஈரமாவது கண்ணுக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு. மத்தியானத்துக்கு மேல் வெயில் மேற்கேயிருந்து நேராக அடித்ததால் ஷெட்டின் பெரிய கதவை இறக்கிவிட்டு, ஒயர் விளக்கைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. டேங்கில் பெட்ரோல் சூடேறிப் பொங்க ஆரம்பித்தது. ஆவி மேலே போகாது. கனமானது, தரையோடு தண்ணீர் போலப் பரவும்.

அக்கா சமையலறையில் பெரிய பாத்திரங்களை வெந்நீரில் கழுவிக்கொண்டிருந்தாள். கதவுக்கு அடியிலிருந்து வாடை வந்தது. வழக்கமாக வரும் வாடை இல்லை, கண் எரிந்தது. அப்போது அவளுக்கு ஹீட்டர் ஞாபகம் வந்தது. ஷெட்டில் இருக்கும் அந்த ஹீட்டருக்குள் எப்போதும் ஒரு சின்னச் சுடர் நிற்கும். வெந்நீர் கொஞ்ச நேரம் ஓடினால் பெரிய அடுப்பு குபுக்கென்று பற்றிக்கொள்ளும். அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கம். குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தாள். இன்னும் பற்றவில்லை.

கதவைத் திறந்தாள். விளக்கு ஸ்விட்சைத் தொடவில்லை. வண்டிக்கு அடியில் நிஷானின் கால்கள் தெரிந்தன.

"வெளியே வா."

"அஞ்சு நிமிஷம்," என்றது வண்டிக்கடியிலிருந்து குரல்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக ஹீட்டரிடம் போய்க் குமிழைத் திருகி அணைத்தாள். பிறகு கூரையிலிருந்து தொங்கிய சிவப்புக் கயிற்றை இழுத்து, கதவைத் தூக்கும் மோட்டாரை விடுவித்து, பெரிய கதவைக் கையாலேயே தூக்கினாள். அக்காவுக்கு அறுபது வயது, ஐந்தடி உயரம். அதற்குப் பிறகு நிஷானின் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். அவர் கத்தினார். அவள் விடவில்லை. வாசல் வரை சிமெண்டுத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து போட்டாள். அவர் முதுகுத் தோல் உரிந்துபோனது.

நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் தீயணைப்பு வண்டி நின்றது. அவர்களில் மூத்தவர் கையில் ஆவியைக் கண்டுபிடிக்கும் கருவியோடு ஷெட்டிலிருந்து வெளியே வந்தார்.

"தரையிலேர்ந்து ஒரு அடி வரைக்கும் இது கத்துது," என்றார். "அதுக்கு மேல பரவாயில்ல. உங்க ஹீட்டரை ஒன்றரை அடி மேடையில வச்சிருக்காங்க. வீடு கட்டினவன் தரையில வச்சிருந்தா நான் இப்ப வேற வேலை பார்த்துட்டு இருப்பேன்." பிறகு நிஷானைப் பார்த்தார். "நீங்க உள்ளயேவா இருந்தீங்க? வாடை வரலையா?"

நிஷான் புல்லில் உட்கார்ந்திருந்தார்.

"அவருக்கு ஜலதோஷம், ரொம்ப நாளா," என்றாள் அக்கா. சொல்லும்போதே அவள் குரல் மெதுவாகிவிட்டது. என்னைப் பார்த்தாள். நான் தீயணைப்பு வண்டியின் டயரைப் பார்த்தேன். எனக்கு மறைக்கத் தெரியாது, சின்ன வயதிலிருந்தே.

அவள் போய் அவர் முன்னால் மண்டியிட்டாள். உள்ளங்கையை அவர் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

"என் கையில என்ன வாடை?"

அவர் மூச்சை இழுத்தார். கொஞ்சம் யோசித்தார்.

"சோப்பு," என்றார்.

அவரை இழுத்த கை அது. அவருடைய கால்சட்டையில் ஊறியிருந்த பெட்ரோல் முழுவதும் அதில் இருந்தது. மூன்றடி தள்ளி நின்ற எனக்கே வந்தது.

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். "எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் எட்டு மாசம்."

அவள் விரலை மடக்கி எண்ணவில்லை. அதற்குத் தேவையிருக்கவில்லை.

"அப்ப பூண்டு?" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் எழுந்தாள். என்னிடம் வந்து, "உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்று கேட்டாள். ஒன்பது நாள் என்றேன். "ஒன்பது நாள்," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பதினொரு நாள் அவள் எங்கள் இருவரோடும் பேசவில்லை. வீட்டை விட்டும் போகவில்லை. தினமும் சமைத்தாள். வேகவைத்த கோதுமை ரவை, வேகவைத்த உருளைக்கிழங்கு. உப்பு மட்டும் உண்டு. மூன்றாம் நாள் அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்துக்கொண்டு, "வித்தியாசம் தெரியாதவருக்கு மசாலா எதுக்கு," என்றாளாம். பேச்சில் சேராத பேச்சு அது ஒன்றுதான்.

பதினொன்றாம் நாள் நிஷானே பேச ஆரம்பித்தார். மோட்டார், பெட்டி மடிக்கிற பெண்மணி, ராஜினாமா எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது நானும் இருக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். சாட்சிக்கா துணைக்கா தெரியவில்லை.

அக்கா முழுவதையும் கேட்டாள்.

"வேலையை விட்டது சரி. அதை மறைச்சது உன் மானம், அதுவும் போகட்டும். நான் அங்க உட்கார்ந்து என் கை கெட்டுப்போச்சுன்னு அழுதேனே, பக்கத்துல உட்கார்ந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தியே. அப்பகூடவா வாய் வரல?"

"அப்பதான் ரொம்ப வரல," என்றார் நிஷான். "நான்தான்னு சொன்னா நீ இனிமே கிண்ணத்தை எங்கிட்ட நீட்ட மாட்டியேன்னு."

"நீட்ட மாட்டேன்தான்."

"தெரியும்."

"மூக்கு இல்லாதவன் எஞ்சினோட எதுக்குப் போராடின?"

"கண்ணும் கையும் இருக்கே."

அக்கா எழுந்து போய்க் காபி போட்டாள். மூன்று கோப்பையில் ஊற்றினாள். எனக்கும் மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். என் கோப்பையில் சர்க்கரை போடவில்லை.

வேகன் அப்போது டேங்க் காலியாகி வெளியே மரத்தடியில் நின்றது. மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் அக்கா சமையல் ஏப்ரன் ஒன்றைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். "திற," என்றாள். நிஷான் பின்கதவைத் திறந்தார், பின்பக்கத் தரைவிரிப்பைச் சுருட்டினார், டேங்கின் மேல்மூடி தெரிகிற ஓட்டையைக் காட்டினார். அவள் முழங்காலிட்டு, குழாய் குழாயாக முகர்ந்துகொண்டே போனாள். நடுவில் எழுந்து வேலிப்பக்கம் போய் நல்ல காற்றை இழுத்துவிட்டு வருவாள்.

"இது இல்ல. இது இல்ல. இது பழைய வாடை." கடைசியில் மேல்மூடியின் விளிம்பில் விரலை வைத்தாள். "இங்க."

"அங்க இருக்க முடியாது. அந்தக் குழாய் எல்லாம் புதுசு."

"குழாய்னு நான் சொல்லல. இந்த மூடி."

நிஷான் மூடியைக் கழற்றினார். அதற்கு அடியில் இருந்த ரப்பர் வளையம் முப்பத்தேழு வருஷத்துப் பழையது. எல்லாவற்றையும் மாற்றியவர் நன்றாகத்தானே இருக்கிறது என்று அதை மட்டும் திரும்பப் போட்டிருந்தார். கையில் எடுத்து வளைத்தார். அப்பளம் மாதிரி உடைந்தது.

"உங்க குடும்பத்துக்கே மூக்கு நீளம்," என்றார். இந்தத் தடவை அக்கா சிரித்துவிட்டாள், சிரித்ததற்காகக் கோபமும் பட்டாள்.

மூன்றாவது தடவை ரெஃப்ரியிடம் போனது செப்டம்பர் தொடக்கத்தில். தோட்டங்களில் திராட்சையைப் பறித்து வரிசைக்கு நடுவே தாளில் பரப்பியிருந்தார்கள். அக்கா முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. பஹுவா நைட்ரஜனை ஏற்றிவிட்டு முள்ளைப் பார்த்தாள். முள் நின்றது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அசையவில்லை. அந்த இரண்டு நிமிஷமும் நிஷான் முள்ளைப் பார்க்கவில்லை, பஹுவாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டாள் பஹுவா.

"எம் பொண்டாட்டி. எனக்கு மூக்கு இல்ல," என்றார் நிஷான். அதை ஒரு வெளி ஆளிடம் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் முத்திரைச் சீட்டைக் கதவுத் தூணில் ஒட்டி, கட்டை விரலால் நாலு மூலையையும் அழுத்தினாள். அக்கா அவள் அம்மாவைப் பற்றிக் கேட்டாள். பாதி திரும்பி வந்துவிட்டது என்றாள் பஹுவா. எலுமிச்சைப் புல் வாடை தெரிகிறது, மீன் வாடை இன்னும் தெரியவில்லை, அதனால் கெட்டுப்போன மீனைக்கூட நல்ல மீன் என்று வாங்கி வந்துவிடுகிறாள் என்றாள். இருவரும் அங்கேயே நின்று கொஞ்ச நேரம் பேசினார்கள். நிஷான் முத்திரையை மூன்று தடவை போய்ப் பார்த்தார்.

பாஸ்துர்மா விழுது அரைக்கிற வாரம் வந்தபோது அக்கா வீட்டில் அரைக்கவில்லை. தேவாலயத்துக் கூடத்துக்கு எல்லாவற்றையும் எடுத்துப் போனாள். ஏழெட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். அரைப்பதற்கு முன்னால், "இவர் ஒண்ணு சொல்லணுமாம்," என்று நிஷானை முன்னால் தள்ளினாள். அப்படி ஒரு ஏற்பாடு இருப்பது அவருக்கு வண்டியை விட்டு இறங்கும்வரை தெரியாது.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "போன ரெண்டு வருஷமும் பூண்டு கூடினதுக்கு நான்தான் காரணம். எனக்கு வாடை தெரியாது. தெரியும்னு சொல்லிட்டு இருந்தேன். அவ கையில தப்பில்ல."

பெண்களில் மூத்தவளான சிரானுஷ் அம்மா, "நாங்க அவளை என்னென்னவோ பேசினோமே," என்றாள்.

"தெரியும்," என்றார் நிஷான்.

"அவ காதுபடவே பேசினோம்."

"அதுவும் தெரியும்."

"அப்ப நாங்களும் எழுந்து நிக்கணும்ல," என்று அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "உட்காருங்க, வேலை கெடக்கு," என்றாள். முகம் சிவந்துவிட்டது. அந்த வருஷம் கிண்ணத்தின் மேல் குனிந்தது சிரானுஷ் அம்மா. இறைச்சித் துண்டுகளைக் கயிற்றில் கட்டி உத்தரத்தில் தொங்கவிடும் வேலையை நிஷான் எடுத்துக்கொண்டார். முழங்கால்தான் நல்ல முழங்காலாயிற்றே, ஏணியில் ஏறுங்கள் என்று நான் சொன்னேன்.

டாக்டர் ஒருவர் நாலு சின்னப் புட்டிகள் கொடுத்திருக்கிறார். கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ். காலையிலும் மாலையிலும் ஒவ்வொன்றாக முகர வேண்டும். அவர் முகர்கிறார். இதுவரை ஒன்றும் வரவில்லை. ஷெட்டில் ஆவி வந்தால் அலறும் கருவி ஒன்றை அவரே மாட்டினார். தரையிலிருந்து அரை அடி உயரத்தில்.

இப்போதெல்லாம் காலையில் வாசற்கதவைத் திறந்ததும் அவர் கேட்கிறார். "இன்னைக்கு என்ன?"

அக்கா நின்று மூச்சை இழுத்துச் சொல்வாள். பக்கத்து வீட்டில் பன்றிக்கறி வதக்குகிறார்கள். கால்வாயில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். மூடுபனி, ஈர மண். யாரோ துணிக்கு அதிகமாகச் சோப்பு போட்டிருக்கிறார்கள். சில நாள் அவளுக்குச் சலிப்பாக இருக்கும். "ஒண்ணும் இல்ல," என்பாள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, வேகனை எடுக்கப் போவார்.